டயலாக்கில் பட்டன் வைக்க எந்த வழி? க்யூட்டியில் நான்கையும் போட்டுப் பார்த்த கணக்கு

மளிகைக் கடை ஒன்றுக்கு பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். மொழி பைத்தான், திரைக்கு க்யூட்டி (சன்னல், பட்டன் போன்றவற்றைச் செய்து தரும் நிரல் தொகுப்பு), இரண்டையும் இணைக்க பைசைட் 6. பொருள் சேர்க்கும் டயலாக், அதாவது விவரம் கேட்கத் திறக்கும் குட்டிச் சன்னல், ரொம்பச் சாதாரணமானது. மேலே பார்கோடு எண்ணுக்கு ஒரு கட்டம், அதை ஒட்டி ‘அழி’, ‘சேர்’ என்று இரண்டு குட்டி பட்டன்கள், நடுவில் பட்டியல், கீழே ‘சரி’யும் ‘ரத்து’ம். வீட்டில் எண்ணைக் கையால் தட்டி, மவுசால் கிளிக் செய்து பார்த்தேன். ஒரு குறையும் தெரியவில்லை.

கடையில் கொண்டுபோய் வைத்த அன்று கடைக்காரர் ஒரு சோப்பை ஸ்கேனருக்குக் காட்டினார். பீப். கட்டத்தில் எண் வந்த மாதிரி இருந்தது, உடனே காலி. இன்னொரு சோப்பு. பீப், மறுபடி காலி. “படிக்குது தம்பி, ஆனா முழுங்கிடுது” என்றார்.

ஸ்கேனரில் தப்பில்லை. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அதுவும் ஒரு கீபோர்டுதான்: 13 இலக்கங்களை மளமளவென்று தட்டிவிட்டு, கடைசியில் ஓர் என்டரையும் தட்டும். தப்பு என் டயலாக்கில். க்யூட்டியின் டயலாக் சன்னலுக்குள் வைக்கிற ஒவ்வொரு பட்டனும், நாம் எதுவும் சொல்லாவிட்டாலும், ‘ஆட்டோ டிஃபால்ட்’ என்ற குணத்தோடுதான் பிறக்கிறது. எது டிஃபால்ட் (என்டர் தட்டினால் அழுத்தப்படும் பட்டன்) என்று நாம் குறிப்பிடாதபோது, கர்சர் இருக்கும் கட்டத்துக்கு அடுத்து டேப் வரிசையில் முதலில் எந்த பட்டன் வருகிறதோ, அதற்கு என்டர் போய்ச் சேரும். என் டயலாக்கில் அந்த முதல் பட்டன் ‘அழி’.

அதற்கப்புறம்தான் டயலாக்கில் பட்டன் வைப்பதற்கு எத்தனை வழி இருக்கிறது, எது எதற்குப் பொருந்தும் என்று உட்கார்ந்து பார்த்தேன். அதுவரை கைக்கு வந்ததைப் போட்டுக்கொண்டிருந்தேன். க்யூட்டியில் நான்கு வழி. ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு டயலாக்காவது எழுதிப் பார்த்திருக்கிறேன்.

முதல் வழி, நாமே பட்டன்களைச் செய்து படுக்கைவாட்டில் ஒரு வரிசையாக அடுக்குவது. இடது பக்கம் ஒரு வெற்றிடம், பிறகு ‘சரி’, பிறகு ‘ரத்து’. ஒன்றின் கிளிக்கை டயலாக்கின் ‘அக்செப்ட்’டுக்கும் (ஏற்று மூடு) மற்றதை ‘ரிஜெக்ட்’டுக்கும் (விட்டுவிட்டு மூடு) கட்டிவிட்டால் ஆயிற்று. ஆறு வரி. க்யூட்டி கற்றுக்கொள்ளும் எல்லாரும் எழுதும் முதல் டயலாக் இதுதான். இதில் தப்பு என்று சொல்லவும் முடியாது. எஸ்கேப் தட்டினால் டயலாக் தானாக மூடிக்கொள்ளும், அதற்கு நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

இதற்கு எதிராக எல்லாரும் முதலில் சொல்லும் காரணம் வரிசை. விண்டோஸில் ‘சரி’ இடது பக்கம், ‘ரத்து’ அதற்கு வலப்பக்கம். மேக்கில் நேர் எதிர்: செய்து முடிக்கிற பட்டன் வலது ஓரத்தில், ‘ரத்து’ அதற்கு இடப்பக்கம். லினக்ஸின் திரைச்சூழல்களில் க்னோம் மேக் பக்கம் சாய்கிறது, கேடிஇ விண்டோஸ் பக்கம். கையால் அடுக்கினால் இந்த மாற்றம் எதுவும் தானாக நடக்காது. உண்மைதான். ஆனால் என் மென்பொருள் ஓடுவது ஒரே கடையில், ஒரே விண்டோஸ் கம்ப்யூட்டரில். மேக் வைத்திருக்கும் மளிகைக் கடையை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆக அந்தக் காரணம் என்னை அசைக்கவில்லை.

என்னை அசைத்தவை வேறு இரண்டு. ஒன்று, டயலாக்குகள் 20-ஐத் தாண்டியதும் எனக்கே ஒழுங்கு தப்பிவிட்டது. ராத்திரி எழுதியதில் ‘சேமி’ வலப்பக்கம், காலையில் எழுதியதில் இடப்பக்கம். கல்லாவில் இருக்கும் பெண் பட்டனைப் படித்துப் பார்த்து அழுத்துவதில்லை. கை போகிற இடத்தில் அழுத்துகிறார். அந்த இடம் டயலாக்குக்கு டயலாக் மாறினால் நாளுக்கு இரண்டு பில்லாவது ரத்தாகும். இரண்டாவது, அகலம். பட்டன்கள் ஒரே அளவில் அழகாக இருக்கட்டும் என்று 80 பிக்சல் என்று கட்டிவிட்டிருந்தேன். ‘சரி’ அதில் நீந்தியது. ‘சேமித்து அச்சிடு’ பாதியில் வெட்டுப்பட்டு ‘சேமித்து அ’ என்று நின்றது. ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்து அளவு வைக்கிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது. தமிழில் பட்டன் எழுத்தின் நீளம் ஒன்றுக்கொன்று பெரிதும் மாறும். ‘திற’ இரண்டெழுத்து, ‘முன்பிருந்தபடி வை’ ஒரு வாக்கியத்துக்குச் சமம். அகலத்தை, பட்டன்களை அடுக்கித் தரும் லேஅவுட்டிடமே விட்டுவிடுவது உத்தமம். (சீ ஷார்ப்பின் வின்ஃபார்ம்ஸில் எழுதுகிறவர்களுக்கு இன்னும் கஷ்டம். அங்கே டிசைனரில் இழுத்து விடும் பட்டன் 75-க்கு 23 பிக்சல் என்று வரும், ‘ஆட்டோ சைஸ்’ அணைந்திருக்கும். உகரக் கொக்கியும் ஈகாரச் சுழியும் மேலும் கீழும் இடிக்கும்.)

இரண்டாவது வழி, க்யூட்டியே இதற்கென்று வைத்திருக்கும் டயலாக் பட்டன் பாக்ஸ். 2006-இல் க்யூட்டி 4.2-ஓடு வந்தது, இன்றுவரை பெரிய மாற்றம் இல்லாமல் இருக்கிறது. அதனிடம் தயார் பட்டன்கள் 18 இருக்கின்றன: ஓகே, கேன்சல், சேவ், டிஸ்கார்டு, அப்ளை, யெஸ், நோ, ரீட்ரை என்று. ஒரே வரியில் ‘சேவ், கேன்சல் இரண்டும் வேண்டும்’ என்று சொன்னால் போதும். அந்தந்த இயங்குதளத்தின் வழக்கப்படி அதுவே அடுக்கிக்கொள்ளும். எது அழுத்தப்பட்டது என்பதைப் பொறுத்து ‘அக்செப்டட்’ அல்லது ‘ரிஜெக்டட்’ என்று சிக்னல் (இது நடந்தது என்று நிரலுக்குச் சொல்லும் சேதி) தரும்.

சிக்னலில் இரண்டு பள்ளம் உண்டு, இரண்டிலும் விழுந்திருக்கிறேன். அப்ளை அழுத்தினால் அக்செப்டட் வராது. டிஸ்கார்டு அழுத்தினால் ரிஜெக்டட் வராது. இரண்டுக்கும் பொதுவான ‘கிளிக்டு’ சிக்னலைத்தான் பிடிக்க வேண்டும். டிஸ்கார்டு என்றால் ‘வேண்டாம், விட்டுவிடு’ என்றுதானே பொருள், டயலாக் மூட வேண்டியதுதானே என்று நமக்குத் தோன்றும். க்யூட்டிக்கு அது ரிஜெக்ட் வகை இல்லை, தனியாக ‘டிஸ்ட்ரக்டிவ்’ (அழிக்கும்) வகை. பட்டனை அழுத்துவோம், டயலாக் அப்படியே நிற்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல் எழுத்து. நம் மென்பொருளுக்கு நாம் செய்து வைத்த தமிழ் மொழிபெயர்ப்புக் கோப்பை ஏற்றினாலும் இந்தத் தயார் பட்டன்கள் தமிழாகா. அவற்றின் சொற்கள் க்யூட்டியின் சொந்த மொழிபெயர்ப்புக் கோப்பிலிருந்து வருகிறவை. அதுவும் தமிழில் கிடைத்து ஏற்றினால்தான் மாறும். இல்லையென்றால் கேள்வி தமிழில், பதில் ஆங்கிலத்தில். பல தமிழ் மென்பொருள்களில் நீங்கள் பார்த்திருப்பீர்கள்: ‘இந்தப் பதிவை நீக்கலாமா?’ என்று கேட்டுவிட்டு, கீழே யெஸ், நோ.

சரி, மொழிபெயர்த்தே விட்டோம் என்று வைத்துக்கொள்வோம். யெஸ் என்றால் ‘ஆம்’, நோ என்றால் ‘இல்லை’. இப்போது டயலாக் இப்படி இருக்கும்:

மாற்றங்களைச் சேமிக்கவா?
[ ஆம் ] [ இல்லை ]

வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ‘காபி போடவா?’ என்று கேட்டால் நம் வீட்டில் யாராவது ‘இல்லை’ என்பார்களா? ‘வேண்டாம்’ என்பார்கள். தமிழில் மறுப்பு ஒரே சொல்லில் அடங்குவதில்லை. இருக்கிறதா என்றால் ‘இல்லை’, செய்யவா என்றால் ‘வேண்டாம்’, செய்யலாமா என்றால் ‘வேண்டாம்’ அல்லது ‘கூடாது’, தெரியுமா என்றால் ‘தெரியாது’. கேள்வியின் வினை எதுவோ அதைப் பிடித்துக்கொண்டுதான் பதில் வரும். ஆங்கில நோவுக்குப் பதிலாக ஒரே ஒரு தமிழ்ச்சொல்லைக் கோப்பில் எழுதி வைத்து, எல்லா டயலாக்குக்கும் அதையே அனுப்பினால், பாதி இடத்தில் கொச்சையாகத்தான் நிற்கும். இது மொழிபெயர்ப்பாளரின் குற்றம் இல்லை. அவர் கண்ணுக்கு முன்னால் கேள்வியே இல்லை, தனிச்சொல் மட்டும்தான் இருந்தது.

ரத்து இன்னும் மோசம். கடையில் போட்ட பில்லை ரத்து செய்யும் வசதி வைத்தேன். முதல் பதிப்பில் வந்தது இது:

பில் எண் 212-ஐ ரத்து செய்யவா?
[ சரி ] [ ரத்து ]

பில்லை ரத்து செய்ய எதை அழுத்த வேண்டும்? எழுதியவனுக்குத் தெரியும், ‘சரி’. கல்லாப் பெண் ‘ரத்து’ அழுத்தினார். ரத்து செய்ய வந்தவர் ரத்தைத்தானே அழுத்துவார்? டயலாக் மூடியது, பில் அப்படியே இருந்தது. நல்லவேளை, இந்தப் பக்கம் தப்பியது. மறுபக்கம் தப்பியிருந்தால் பில் போயிருக்கும். இன்று அந்த டயலாக் இப்படி இருக்கிறது:

பில் எண் 212-ஐ ரத்து செய்யவா?
[ பில்லை ரத்து செய் ] [ அப்படியே இருக்கட்டும் ]

இந்த ஓகே என்ற சொல்லுக்கே ஒரு கதை உண்டு. ஆப்பிளின் லிசா கம்ப்யூட்டர் 1983-இல் வெளிவந்தது. அதை உருவாக்கும்போது ‘செய்’ என்ற பொருளில் ‘டூ இட்’ என்றுதான் அந்த பட்டனில் எழுதியிருந்தார்களாம். அந்த எழுத்துருவில் இரண்டு சொல்லுக்கும் நடுவில் இருந்த இடைவெளி சரியாகத் தெரியாமல், சோதித்துப் பார்க்க வந்தவர்கள் அதை ‘டோல்ட்’ என்று படித்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் மடையன் என்று அர்த்தம். என்னை ஏன் மடையன் என்கிறது என்று ஒருவர் கோபப்பட, ஓகே என்று மாற்றிவிட்டார்கள். அங்கே வினைச்சொல்லை எடுத்தார்கள், நாம் இப்போது அதை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவருகிறோம்.

மூன்றாவது வழி இங்கிருந்துதான் வருகிறது. பட்டன் பாக்ஸ் வேண்டும், அதன் தயார் பட்டன்கள் வேண்டாம். பாக்ஸில் பட்டன் சேர்க்கும்போது இரண்டு விஷயம் தனித்தனியாகச் சொல்லலாம்: என்ன எழுத வேண்டும், என்ன வேலை. ‘பில்லை ரத்து செய்’ என்று எழுது, இதன் வேலை அக்செப்ட். ‘அப்படியே இருக்கட்டும்’ என்று எழுது, இதன் வேலை ரிஜெக்ட். எழுத்து முழுக்க நம் கையில். வரிசை, என்டர், எஸ்கேப், சிக்னல் எல்லாம் வேலையைப் பார்த்து நடக்கும், எழுத்தைப் பார்த்து அல்ல. நான் இப்போது எல்லா டயலாக்கிலும் பயன்படுத்துவது இதுதான்.

இதிலும் யோசிக்க வேண்டிய இடங்கள் உண்டு. ‘சேமி’, ‘சேமித்து அச்சிடு’ இரண்டும் ஒரே டயலாக்கில் இருந்தால் இரண்டுக்கும் அக்செப்ட் வேலைதான். எது அழுத்தப்பட்டாலும் அக்செப்டட் வரும். அப்படியானால் அச்சிட வேண்டுமா என்று எப்படித் தெரியும்? பாக்ஸ் முதலில் கிளிக்டு சிக்னலை அனுப்பிவிட்டுத்தான் அக்செப்டட்டை அனுப்புகிறது. கிளிக்டில் எந்த பட்டன் என்று குறித்துக்கொண்டு, அக்செப்டட்டில் சேமிக்கலாம். அப்புறம் ‘சேமி & அச்சிடு’ என்று சுருக்கி எழுத ஆசைப்படாதீர்கள். க்யூட்டிக்கு ‘&’ என்றால் குறுக்குவிசைக்கான அடையாளம், திரையில் காணாமல் போய்விடும். வேண்டுமென்றால் இரட்டையாக ‘&&’ என்று எழுத வேண்டும்.

‘நீக்கு’ பட்டனை எங்கே வைப்பது என்பதில்தான் நான் பாக்ஸோடு ஒத்துப்போகவில்லை. நீக்குவது அழிக்கிற காரியம், டிஸ்ட்ரக்டிவ் வேலைதானே என்று கொடுத்தேன். விண்டோஸில் பாக்ஸ் இப்படி அடுக்கியது:

[ சேமி ] [ நீக்கு ] [ மாற்றாமல் மூடு ]

சேமிக்கும் பட்டனுக்கும் மூடும் பட்டனுக்கும் நடுவில் நீக்கும் பட்டன். எந்தப் பக்கம் கை தவறினாலும் ஆபத்து. பாக்ஸைக் குறை சொல்ல முடியாது. டிஸ்ட்ரக்டிவ் என்று அவர்கள் நினைத்தது ‘சேமிக்காமல் மூடு’ என்ற பட்டனை. சேமி, சேமிக்காதே, ரத்து என்ற மூன்றில் அது நடுவில் வருவது விண்டோஸின் பழைய வழக்கம். ஏற்கெனவே இருக்கும் ஒரு பதிவையே தூக்கிப் போடுவது வேறு காரியம். ரீசெட் வேலை என்று பொய் சொன்னால் விண்டோஸில் அது இடது கோடிக்குப் போய்விடும், சிலர் அப்படித்தான் செய்கிறார்கள். நான் ‘நீக்கு’வைப் பாக்ஸிலிருந்தே வெளியே எடுத்து, பதிவின் தலைப்புக்குப் பக்கத்தில் மேலே வைத்துவிட்டேன். டயலாக்கை மூடுகிற பட்டன்கள் மட்டும் கீழே.

நான்காவது வழியான மெசேஜ் பாக்ஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு கேள்வி, இரண்டு மூன்று பதில், வேறு கட்டம் எதுவும் இல்லை என்றால் அது போதும். உள்ளே இருப்பதும் அதே பட்டன் பாக்ஸ்தான். அதே மாதிரி எழுத்தும் வேலையும் தனித்தனியாகக் கொடுக்கலாம். இரண்டு எச்சரிக்கை. நம் சொந்த பட்டன்களைப் போட்டால், டயலாக்கை ஓட்டும் ‘எக்ஸெக்’ திருப்பித் தரும் எண்ணை நம்ப முடியாது, எது கிளிக் ஆனது என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அப்புறம், எஸ்கேப்புக்கு உரிய பட்டன் எது என்று அதனால் கண்டுபிடிக்க முடியாவிட்டால் எஸ்கேப் வேலையே செய்யாது. கேன்சல் இருந்தால் அது. இல்லாவிட்டால் ரிஜெக்ட் வேலையோ நோ வேலையோ உள்ள பட்டன் ஒன்றே ஒன்று இருந்தால் அது. அப்படி இரண்டு வைத்தால் குழம்பிவிடும். ‘எஸ்கேப் பட்டன் இது’ என்று நாமே சொல்லிவிடலாம், ஒரு வரிதான்.

க்யூட்டி தவிர மற்றவற்றில் எழுதுகிறவர்களுக்கும் இதே அளவுகோல் செல்லும் என்று நினைக்கிறேன்: பட்டனின் வேலையை நாம் சொல்கிறோமா, அல்லது கருவி அதன் பெயரைப் பார்த்து ஊகிக்கிறதா?

ஊகிக்கிற வகையில், வலைப்பக்க நுட்பத்தில் கம்ப்யூட்டர் மென்பொருள் எழுத உதவும் எலெக்ட்ரான்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அங்கே மெசேஜ் பாக்ஸுக்கு பட்டன் பெயர்களை ஒரு பட்டியலாகக் கொடுக்க வேண்டும். எஸ்கேப் தட்டினால் எந்த பட்டன் என்று நாம் சொல்லாவிட்டால், ‘கேன்சல்’ அல்லது ‘நோ’ என்று பெயருள்ள பட்டனைத் தேடும். அப்படி ஒன்றும் இல்லையென்றால் 0 என்ற எண்ணைத் திருப்பித் தரும். 0 என்றால் பட்டியலில் முதல் பட்டன். இப்போது நம் பட்டியலைப் பாருங்கள்: ‘நீக்கு’, ‘வேண்டாம்’. கேன்சலும் இல்லை, நோவும் இல்லை. ஐயோ வேண்டாம் என்று பதறி எஸ்கேப் தட்டுகிறவருக்கு 0 வருகிறது, அதாவது ‘நீக்கு’. ஆங்கிலத்தில் சோதித்தபோது சரியாக இருந்த அதே நிரல், தமிழாக்கியதும் தலைகீழாகிறது. ‘கேன்சல் ஐடி’ என்ற ஒரு மதிப்பை 1 என்று கொடுத்துவிட்டால் தீர்ந்தது, ஆனால் அதைக் கொடுக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

மேக்கின் எச்சரிக்கைச் சன்னலான என்எஸ்அலர்ட்டிலும் இதே வாடை உண்டு. முதலில் சேர்க்கும் பட்டனுக்கு என்டர் போகும், அது சரி. எஸ்கேப்பைக் ‘கேன்சல்’ என்ற தலைப்புள்ள பட்டனுக்குத் தானாகக் கொடுக்கும். தமிழ்த் தலைப்பு வைக்கிறவர்கள் அந்தத் தானியங்கியை எதிர்பார்க்காமல் விசையை நேரடியாகக் கட்டிவிடுவது நல்லது.

விண்டோஸின் பழைய மெசேஜ் பாக்ஸில் ஊகமும் இல்லை, சுதந்திரமும் இல்லை. யெஸ்-நோ, ஓகே-கேன்சல் என்று கட்டுக்கட்டாகத்தான் எடுக்க முடியும். பட்டனில் வரும் சொல் விண்டோஸ் எந்த மொழியில் இருக்கிறதோ அதில் வரும், நம் மென்பொருளின் மொழியில் அல்ல. பைத்தானோடு வரும் டிகிண்டரில் எழுதி விண்டோஸில் ஓட்டுகிறவர்கள் தயார் மெசேஜ் பாக்ஸை அழைத்தாலும் இதுதான் வரும். பள்ளிப் பிள்ளைகள் தமிழில் வினாடி வினா செய்து, கடைசியில் யெஸ், நோ வந்து நிற்பதற்கு இதுவே காரணம். டிகிண்டரின் சிம்பிள் டயலாக்கை எடுத்து, பட்டன் வரிசையை உருவாக்கும் பகுதியை மட்டும் நாமே எழுதிக்கொள்ளலாம். என்டரையும் எஸ்கேப்பையும் அங்கே கையால் கட்ட வேண்டும். விண்டோஸிலேயே விஸ்டாவோடு வந்த டாஸ்க் டயலாக்கில் சொந்த எழுத்து வைக்கலாம், டாட்நெட் 5 முதல் வின்ஃபார்ம்ஸிலும் அது நேரடியாகக் கிடைக்கிறது. வின்ஃபார்ம்ஸின் சாதாரண ஃபார்மிலேயே ‘அக்செப்ட் பட்டன்’, ‘கேன்சல் பட்டன்’ என்று இரண்டு பண்பு இருக்கிறது. எழுத்து என்னவாக இருந்தாலும் கவலையில்லை. எளிமையானது, எனக்குப் பிடித்தது. வரிசை மட்டும் நம் பொறுப்பு.

க்னோம் பயன்படுத்தும் திரைக் கருவியான ஜிடிகே போன பாதை வேடிக்கையானது. பழைய டயலாக்கில் ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு பதில் எண், ஓகேவுக்கு -5, கேன்சலுக்கு -6 என்று எதிர்மத்தில். டயலாக்கை ஓட்டிவிட்டுப் பதிலுக்குக் காத்து நிற்கும் ‘ரன்’னை 2020-இல் ஜிடிகே 4-இல் எடுத்துவிட்டார்கள். 2023-இல் 4.10-இல் அந்த டயலாக்கையே கைவிடப்பட்டவை பட்டியலில் சேர்த்தார்கள். புதிய அலர்ட் டயலாக்கில் எழுத்துகளை வரிசையாகக் கொடுத்து, இதில் எத்தனாவது டிஃபால்ட், எத்தனாவது கேன்சல் என்று தனியாகச் சொல்ல வேண்டும். சுற்றி வளைத்து அவர்களும் எழுத்தையும் வேலையையும் பிரித்துவிட்டார்கள். புதிதாக ஜிடிகேயில் தொடங்குகிறவர்கள் பழைய பாடங்களைப் பார்த்து ரன்னைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

இனி என்டருக்கு வருவோம், ஏனென்றால் மேலே சொன்ன நான்கு வழியில் எதுவும் என் சோப்புப் பிரச்சினையைத் தானாகத் தீர்க்கவில்லை. கையால் அடுக்கியபோது என்டர் ‘அழி’க்குப் போனது. பட்டன் பாக்ஸுக்கு மாறியதும் பாக்ஸ் திரையில் தோன்றும் நேரத்தில், டிஃபால்ட் யாரும் இல்லையென்றால், அக்செப்ட் வேலையுள்ள முதல் பட்டனைத் தானே டிஃபால்ட் ஆக்கிவிடும். இப்போது ஸ்கேன் செய்தால் எண் அழியவில்லை, டயலாக்கே சேமித்து மூடிக்கொண்டது. ஒரு சோப்புக்கு ஒரு பில். பெயரும் விலையும் தட்டும் சாதாரணப் படிவத்தில் இது நல்ல குணம், ஸ்கேனர் இருக்கும் இடத்தில் இல்லை.

குட்டி பட்டன்களுக்கு ஆட்டோ டிஃபால்ட்டை அணைத்தேன், அது பாதி மருந்து. மீதிப் பாதிக்கு, டயலாக்கின் விசை நிகழ்வைப் பிடித்து, கர்சர் பார்கோடு கட்டத்தில் இருக்கும்போது வரும் என்டரை அங்கேயே நிறுத்திவிட்டேன். கட்டத்தின் ‘ரிட்டர்ன் பிரஸ்டு’ சிக்னலில் பொருளைப் பட்டியலில் சேர்த்து, கட்டத்தைக் காலி செய்து, கர்சரை அங்கேயே வைத்தேன். கர்சர் வேறு கட்டத்தில் இருந்தால் என்டர் வழக்கம்போல ‘சேமி’க்குப் போகும்.

எஸ்கேப்பையும் சும்மா விடவில்லை. 40 பொருள் ஸ்கேன் செய்தபின் கை தவறி எஸ்கேப் பட்டால் எல்லாம் போய்விடும். எஸ்கேப், ✕ குறி, ரிஜெக்ட் வேலையுள்ள பட்டன் மூன்றும் கடைசியில் டயலாக்கின் ரிஜெக்ட்டில்தான் வந்து முடிகின்றன. அதை மட்டும் மாற்றி எழுதினால் மூன்றுக்கும் ஒரே காவல். பட்டியல் காலியாக இருந்தால் பேசாமல் மூடும். இல்லையென்றால் ‘40 பொருள் இருக்கிறது, விட்டுவிடவா?’ என்று கேட்கும். அதே மாதிரி ‘விலை இல்லாத பொருள் இருக்கிறதா’ என்ற சோதனையை பட்டனின் கிளிக்கில் எழுதாமல் டயலாக்கின் அக்செப்ட்டில் எழுதினேன். என்டர் வழியாக வந்தாலும் மவுஸ் வழியாக வந்தாலும் அதே வாசல்.

இப்போது அந்தக் கடையில் கீழ்வரிசை இப்படி இருக்கிறது:

[ சேமி ] [ சேமித்து அச்சிடு ] [ மாற்றாமல் மூடு ]

ஆல்ட் விசையோடு ஓர் எழுத்து என்ற குறுக்குவழியைத் தமிழ் எழுத்தில் வைத்துப் பார்த்தேன். கீபோர்டு அந்த நேரம் எந்த மொழியில் இருக்கிறது என்பதைப் பொறுத்து வேலை செய்தது அல்லது செய்யவில்லை, எடுத்துவிட்டேன். அச்சிடுவதற்கு எஃப் 9 கொடுத்திருக்கிறேன். கல்லாப் பெண் பட்டனைத் தொடுவதே இல்லை, எஃப் 9 மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கிறார்.